கல்லூரிக் களஞ்சியம்: டிஸ்பேஸ் போட்டாயிற்று, உள்ளே வைக்கத்தான் ஒன்றும் சேரவில்லை

ஏட்டுக்கட்டு (கேள்வி)

வணக்கம். தன்னாட்சிக் கல்லூரி நூலகம். உபுண்டு சர்வரில் டிஸ்பேஸ் 7 (ஆய்வுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் களஞ்சிய மென்பொருள்) ஓடுகிறது, ரேம் 8 ஜிபி. வைக்க வேண்டியவை: முதுகலை ஆய்வேடுகள் சுமார் 1,200 (பாதிக்கு மேல் தமிழ்), ஆசிரியர்களின் ஆய்விதழ்க் கட்டுரைகள், கொஞ்சம் முனைவர் பட்ட ஆய்வேடுகள்.

ஆசிரியர்கள் எல்லோருக்கும் லாகின் கொடுத்தும் யாரும் கட்டுரை ஏற்றுவதில்லை. இதழில் அச்சான பிடிஎஃப்பை நாமே எடுத்துப் போடலாமா? தமிழ் ஆய்வேடுகளில் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. ஆய்வுகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரிலும் எங்கள் களஞ்சியத்திலிருந்து எதுவும் வரவில்லை. எதை முதலில் சரிசெய்வது?

வரிசைஎண் (பதில்)

ஆசிரியர்களை ஏற்றச் சொல்வதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பதிவேற்றப் படிவத்தில் பதினைந்து கட்டங்கள் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு கட்டுரை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அது நூலகத்தின் வேலை, நூலகமே செய்யட்டும்.

நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) அறிக்கைக்காக உங்கள் ஐகியூஏசி (உள்தர உறுதிப் பிரிவு) ஆண்டுதோறும் ஆசிரியர் வெளியீடுகளின் பட்டியலை எக்செலில் திரட்டுகிறது. அதை வாங்குங்கள். டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) உள்ள கட்டுரைகளைத் தனியே பிரியுங்கள். டிஸ்பேஸ் 7-இல் 'மை டிஸ்பேஸ்' பக்கத்திலிருந்தே வெளிமூலங்களில் தேடி இறக்கலாம். டிஓஐ பதிவகமான கிராஸ்ரெஃப்பைத் தேர்ந்து டிஓஐ கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் தானாக நிரம்பும். சரிபார்த்துச் சேமிக்கச் சில நிமிடங்கள் போதும்.

அதன்பின் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கட்டுரை ஏற்கப்பட்டதும் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பு. அதையும் ஏற்புக் கடிதம் வந்த வாரமே கேளுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் லேப்டாப் மாறியிருக்கும், கோப்பு இருக்காது. மத்திய அரசின் டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பத் துறை), டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை) நிதியில் நடந்த ஆய்வென்றால், ஏற்கப்பட்ட 2 வாரத்துக்குள் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று 2014-இலேயே அவற்றின் திறந்த அணுக்க (யாரும் கட்டணமின்றிப் படிக்கும்) கொள்கை சொல்லிவிட்டது. அதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம்.

வேண்டுகோள் சுற்றறிக்கையால் களஞ்சியம் நிரம்பாது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம், 'ஆர்பி' களஞ்சியத்தில் உள்ள வெளியீடுகளை மட்டுமே பதவி உயர்வுக்கும் மதிப்பீட்டுக்கும் கணக்கில் எடுப்போம் என்று விதி வைத்தது. அதன் பிறகுதான் களஞ்சியம் நிறைந்தது. கல்லூரி அளவில் இதற்கு ஈடான வழி: ஆய்வு ஊக்கத்தொகை விண்ணப்பத்தில் 'களஞ்சிய இணைப்பு' என்று ஒரு கட்டம் சேர்ப்பது. முதல்வரின் கையெழுத்து ஒன்று போதும்.

பதிப்புரிமைப் பக்கம்

அச்சான பிடிஎஃப் பற்றி. ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு: இதழுக்கு முதலில் அனுப்பிய படி, மதிப்பாய்வுக்குப் பின் திருத்தி ஏற்கப்பட்ட படி, பதிப்பாளர் வடிவமைத்து வெளியிட்ட படி. சந்தா இதழ்களில் பெரும்பாலானவை மூன்றாவதைப் பொதுவில் வைக்க விடுவதில்லை. இரண்டாவதை, பல நேரம் ஒரு காலத்தடையோடு, அனுமதிக்கும். ஆகவே இதழ்த் தளத்திலிருந்து இறக்கி அப்படியே போடாதீர்கள். முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று பெயர் மாறியுள்ள தளத்தில் ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்) கொடுத்தால் அந்த இதழின் விதி கிடைக்கும். தடை இருந்தால் கோப்பை ஏற்றி 'எம்பார்கோ' (தடை முடியும்) தேதி போடுங்கள். தேதி வந்ததும் தானாகத் திறக்கும். விவரப்பதிவுக்கு (தலைப்பு, ஆசிரியர் போன்றவை) தடை ஏதும் இல்லை, அது முதல் நாளே தெரியலாம். பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வந்த திறந்த அணுக்கக் கட்டுரை என்றால் அச்சான படியையே வைக்கலாம்.

ஆய்வேட்டின் உரிமை மாணவருடையது. இனி வருபவர்களிடம் ஏட்டோடு சேர்த்தே ஒப்புதல் படிவம் வாங்குங்கள். பழையவற்றுக்கு விவரமும் சுருக்கமும் பொதுவில், முழுக்கோப்பு வளாகத்துக்குள் மட்டும் என்று வைப்பதுதான் நியாயம். ஸ்கேன் செய்யும்போது கையெழுத்துள்ள சான்றிதழ்ப் பக்கத்தையும், வீட்டு முகவரி, கைப்பேசி எண் உள்ள பின்னிணைப்புகளையும் பொதுக்கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். வினாநிரல் நிரப்பியவர்களின் பெயர்கூடச் சில ஏடுகளில் இருக்கும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல்கலைக்கழகம் வழியாக, இந்திய ஆய்வேடுகளின் தேசியக் களஞ்சியமான ஷோத்கங்காவுக்குப் போகின்றன. அங்கே இருந்தால் நீங்கள் விவரப்பதிவும் அந்த இணைப்பும் மட்டும் வைத்தால் போதும். ஒரே ஏடு இரண்டு இடத்தில் இரண்டு விவரத்தோடு கிடப்பது நல்லதல்ல.

மெய்யெழுத்து

தமிழ்த் தேடலுக்கு வருகிறேன். பழுது பெரும்பாலும் டிஸ்பேஸில் இருக்காது, பிடிஎஃப்புக்குள் இருக்கும். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் ஏடு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குத் தமிழே அல்ல. தமிழ் வந்தாலும் 'கெ' என்பது கொம்பு முன்னே, ககரம் பின்னே என்று பிரிந்து வந்தால், யூனிகோடு கோப்புதான், ஆனால் பிடிஎஃப் ஆக்கியபோது எழுத்து வரிசை குலைந்திருக்கிறது. எதுவுமே வராவிட்டால் அது வெறும் படம்.

மூன்றுக்கும், ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக்குவது) செய்யும் ஓசிஆர்எம்ஒய்பிடிஎஃப் கருவியே போதும். அதற்குள் இயங்கும் டெஸராக்டின் தமிழ், ஆங்கில மொழித்தொகுப்புகள் இரண்டையும் நிறுவி, இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். அடிக்குறிப்பிலும் துணைநூற்பட்டியலிலும் ஆங்கிலம் கட்டாயம் வரும். படமாக உள்ளதற்குச் சாதாரண ஓட்டம் போதும். முதல் இரண்டு வகைக்கும் கட்டாய ஓசிஆர் விருப்பத்தைப் போட வேண்டும். இல்லாவிட்டால் 'ஏற்கெனவே உரை இருக்கிறது' என்று கருவி நின்றுவிடும். புதிதாக ஸ்கேன் செய்வதை 300 டிபிஐயில், சாம்பல் நிறத்தில் எடுங்கள். 150-இல் எடுத்தால் புள்ளி மறைந்து 'க்' எல்லாம் 'க' ஆகும்.

ஓசிஆர் எவ்வளவு நன்றாக வந்தாலும் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், குறிச்சொற்கள் நான்கையும் யூனிகோடில் கையால் தட்டச்சு செய்யுங்கள். வாசகர் முதலில் கண்டடைவது இவற்றின் வழியாகத்தான்.

பெயர் இன்னொரு தலைவலி. டிஸ்பேஸ் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. இயற்பெயரை முதல் கட்டத்திலும் தலைப்பெழுத்தை இரண்டாவதிலும் இடுங்கள்: 'முருகேசன், க.' என்று நிற்கும். 'க. முருகேசன்', 'க.முருகேசன்', 'முருகேசன் க' என்று கலந்தால் ஒருவரே ஆசிரியர் பட்டியலில் நான்கு பேராகிவிடுவார். பெயர்களுக்கு ஒரு தனித்தாள் வைத்து அதிலிருந்தே ஒட்டுங்கள்.

வேர்க்கோப்பு

கூகுள் ஸ்காலர்: 5 எம்பிக்கு மேற்பட்ட பிடிஎஃப்பை அது எடுத்துக்கொள்வதில்லை. ஸ்கேன் ஏடுகள் எல்லாம் இங்கேயே விழுந்துவிடும், சுருக்குங்கள். வெளியான தேதிக் கட்டம் காலியாக இருந்தாலும் சிக்கல்தான்.

அடுத்து, பக்கத்தைத் திறந்து மூலநிரலைப் பாருங்கள். தலைப்பும் ஆசிரியரும் மூலநிரலில் தெரியாமல் வெறும் ஸ்கிரிப்ட் மட்டும் இருந்தால் சர்வர் பக்கத்தை ஆக்கி அனுப்பவில்லை என்று பொருள். கல்லூரி நெட்வொர்க்குகளில் இதற்கு வழக்கமான காரணம்: பக்கத்தை ஆக்கும் நோட் ஜேஎஸ், பின்னணிச் சேவையை வெளிப்பெயரால் (இணைய முகவரியால்) கூப்பிடுகிறது, ஃபயர்வால் உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பி வர விடுவதில்லை. சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்கு உள் ஐபியைக் கொடுத்தால் சரியாகும்.

உங்கள் இணைப்புகளில் 123456789 என்று இருக்கிறதா? அது மாதிரி எண். அதோடு வரும் ஹேண்டில் (நிரந்தர முகவரி) இணைப்பு உலகில் எங்கும் திறக்காது. உண்மையான முன்னொட்டைப் பதிவு செய்து வாங்குங்கள். 1,200 ஏடும் ஏறிய பிறகு மாற்றுவதைவிட இப்போதே மாற்றுவது எளிது.

பேக்கப்பில் முதலில் விவரங்கள் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பிறகு கோப்புகள் உள்ள அசெட்ஸ்டோர் ஃபோல்டர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மாற்றினால் இடையில் ஏறிய கோப்புக்குப் பதிவு இருக்கும், கோப்பு இருக்காது. அசெட்ஸ்டோரில் கோப்புகள் வெறும் எண்களாக இருப்பதால் தரவுத்தளம் போனால் எது எந்த ஏடு என்று கண்டுபிடிக்க முடியாது. டிஸ்பேஸின் தேடல் பொறியான சோலாரின் தேடல் அட்டவணையைத் திரும்பக் கட்டலாம்; பார்வை, இறக்க எண்ணிக்கைகளைத் திரும்பக் கட்ட முடியாது, தனியே எடுத்து வையுங்கள்.

ஏட்டுக்கட்டு

ஒட்டிப் பார்த்தேன், தமிழ் ஏடுகள் பெரும்பாலும் முதல் வகை. 1,200-ஐயும் ஒவ்வொன்றாக ஏற்றாமல் மொத்தமாக ஏற்ற எக்செல் தாள் தயாரித்தால், சிஎஸ்வி (வெறும் உரை அட்டவணை) ஆக்கியதும் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிறது.

வேர்க்கோப்பு

எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இன்னும் நம்பகம். தேதிக் கட்டத்தை முன்கூட்டியே 'உரை' ஆக்குங்கள், இல்லாவிட்டால் 2018-06 என்பதை எக்செல் தன் விருப்பப்படி மாற்றிவிடும். ஒரு கட்டத்தில் பல குறிச்சொற்கள் இருந்தால் நடுவில் || போடுங்கள்.

இந்தத் தாள் விவரத்தை மட்டும் ஏற்றும். கோப்போடு ஏற்ற ஏடு ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர் வேண்டும்: டப்ளின் கோர் எக்ஸ்எம்எல் (விவரப்பதிவு), 'கன்டென்ட்ஸ்' என்ற கோப்பு (கோப்புப் பெயர்களின் பட்டியல்), பிடிஎஃப். கன்டென்ட்ஸில் எழுதிய பெயரும் பிடிஎஃப்பின் பெயரும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வரை ஒத்திருக்க வேண்டும்; லினக்ஸில் பாதிப் பிழை இதனால்தான். முதலில் 10 ஏட்டை மட்டும் சோதனை ஓட்டமாக விடுங்கள். ஏற்றும்போது உருவாகும் மேப்ஃபைலை அழிக்காதீர்கள். தவறாக ஏறிய தொகுதியை ஒரே கட்டளையில் திரும்ப எடுக்க அது வேண்டும்.