பழைய ப்ளக் பாயிண்ட் எல்லாம் மாத்தணும், எந்த சாக்கெட் எடுக்கிறது, எவ்வளவு ஒதுக்குறது?

மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல இருக்கிற ப்ளக் பாயிண்ட் எல்லாம் ரொம்ப பழசாயிடுச்சு, பாதி சாக்கெட்ல பிளக் சொருகினா நிக்கவே மாட்டேங்குது, சார்ஜர் தானா தொங்கி கீழ விழுது, அதைவிட பயமா இருக்கிறது அயர்ன் பாக்ஸ் போடுற பாயிண்ட்தான், ஒரு ஓட்டையைச் சுத்தி பழுப்பேறிப் போயிருக்கு, கொஞ்ச நேரம் தேய்ச்சாலே பிளாஸ்டிக் கருகுற வாடை வருது. சரி எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திடலாம்னு கடையில கேட்டா, பாக்க ஒரே மாதிரி இருக்கிற 6 ஆம்ப் சாக்கெட், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் விலை மூணு மடங்கு நாலு மடங்கு வித்தியாசம். கடைக்காரர் விலை கூடினதைத்தான் கையில திணிக்கிறார், எலக்ட்ரீஷியன் என்னடான்னா எதைப் போட்டாலும் ஒண்ணுதான்கிறார். மொத்தம் 22 பாயிண்ட் இருக்கு. விலை கூடினதுல அப்படி என்னதான் கூட இருக்கு, எல்லா பாயிண்டுக்கும் அது தேவையா, மொத்தமா எவ்வளவு ஆகும்னு எப்படி கணக்கு போடுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செம்புக்கம்பி:
தம்பி, விலையெல்லாம் அப்புறம், அந்த அயர்ன் பாக்ஸ் பாயிண்டை இந்த நிமிஷத்துல இருந்து யாரும் தொடாம பாத்துக்கோங்க, அதுக்கு வர்ற எம்சிபியை, அதாவது கரண்ட் அளவு மீறினா தானா விழுற சுவிட்சை, ஆஃப் பண்ணி வெச்சாலும் நல்லது. பழுப்பும் வாடையும் வந்தா உள்ள எங்கேயோ லூஸ்னு அர்த்தம், ஒண்ணு பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்கிற தகடு விரிஞ்சிருக்கும் இல்லேன்னா பின்னாடி வயர் மாட்டுற ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். லூஸா இருக்கிற எடத்துல ரெசிஸ்டன்ஸ் கூடும். 0.1 ஓம்தானேன்னு தோணும், ஆனா அதுல 2 ஆம்ப் ஓடினா உண்டாகிற சூடு 0.4 வாட்ஸ், 10 ஆம்ப் ஓடினா 10 வாட்ஸ், அவ்வளவு சூடும் பிளாஸ்டிக்கை ஒட்டின ஒரு துளி எடத்துல. கரண்ட் ரெண்டு மடங்கு ஆனா சூடு நாலு மடங்கு. அதனாலதான் இதே லூஸு சார்ஜர் போடுற பாயிண்ட்ல வருஷக்கணக்கா இருந்தும் ஒண்ணும் ஆகல, அயர்ன் பாக்ஸ் பாயிண்ட் கருகுது.

உங்க கேள்விக்கு பதிலும் இதுலயே இருக்கு. விலை கூடின சாக்கெட்ல நீங்க காசு குடுக்கிறது அந்த உள்தகட்டுக்கு. நல்லதுல பாஸ்பர் பிரான்ஸோ கெட்டியான பித்தளையோ இருக்கும், ஆயிரம் தடவை சொருகி எடுத்தாலும் ஸ்பிரிங் மாதிரி திரும்பக் கவ்வும். மட்டமானதுல தகடு மெல்லிசு, கொஞ்ச மாசத்துலயே வாய் பொளந்துக்கும். அடுத்தது பிளாஸ்டிக், பாலிகார்பனேட்னா நெருப்பு பிடிச்சாலும் தானா அணையும், ரீசைக்கிள் பிளாஸ்டிக் உருகி ஒழுகும். ஐஇசி 60884ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்டுல கரண்ட் ஓடுற பாகத்தைத் தாங்குற பிளாஸ்டிக்கை 850 டிகிரி காய்ச்சின கம்பியால தொட்டு சோதிக்கிறாங்க, வயர் மாட்டுற டெர்மினல்ல சூடு சுத்துப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல ஏறக்கூடாதுன்னும் இருக்கு. அதனால உங்க நாட்டு தரமுத்திரை இல்லாத சாக்கெட்டை சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. இது ரெண்டையும் தாண்டி டிசைன், பளபளப்பு, தங்கக்கலர் விளிம்புன்னு விலை ஏறினா அது வெறும் அழகுக்கு.

மாடிவீடு:
ரொம்ப நன்றிண்ணா, எம்சிபி ஆஃப் பண்ணிட்டேன். கடையில நின்னுக்கிட்டே நல்ல தகடு எது மட்டமானது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? எல்லாம் மூடி இருக்கே.

செம்புக்கம்பி:
ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. திருப்பி பின்பக்கம் டெர்மினல் பித்தளைக் கட்டையில வெச்சுப் பாருங்க, ஒட்டினா அது முலாம் பூசின இரும்பு, கீழ வெச்சிடுங்க. ஸ்க்ரூ ஒட்டினா பரவால்ல, நல்ல கம்பெனியிலயும் ஸ்க்ரூ ஸ்டீல்ல வர்றது உண்டு. ரெண்டாவது, வீட்ல அடிக்கடி போடுற பிளக் ஒண்ணையும் கையோட கொண்டு போங்க, சொருகும்போது கொஞ்சம் அழுத்தம் வேணும், எடுக்கும்போது சாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு இழுக்கிற அளவுக்கு இருக்கணும், சொருகிட்டு ஆட்டிப் பாத்தா ஆடக்கூடாது. கையில தூக்கிப் பாருங்க, உலோகம் அதிகம் இருந்தா எடை தெரியும். டெர்மினல் ஓட்டையில உங்க வயர் ரெண்டு சேர்ந்து போகுமான்னும் பாருங்க, ஏன்னா பழைய வீட்ல ஒரு சாக்கெட்ல இருந்துதான் அடுத்த சாக்கெட்டுக்கு லூப் போகும்.

தெற்குக்காத்து:
ப்ரோ நான் ஒண்ணு சொல்றேன், எதுக்கு இவ்வளவு யோசனை, 22 பாயிண்டும் 16 ஆம்ப் சாக்கெட்டா போட்டுடுங்க, சின்ன பின் பெரிய பின் ரெண்டும் போற மாதிரி வருதுல்ல அது. எதை எங்க வேணா சொருகலாம், கருகுற பேச்சே இல்ல.

செம்புக்கம்பி:
கோவிச்சுக்காதீங்க, இதை மட்டும் செய்யவே கூடாது. சாக்கெட்ல 16னு எழுதியிருந்தா சுவத்துக்குள்ள இருக்கிற வயர் தடிமனாயிடுமா? 230 வோல்ட்ல 6 ஆம்ப்னா 1380 வாட்ஸ், 16 ஆம்ப்னா 3680 வாட்ஸ். உள்ள ஒன்றரை எம்எம் (சதுர மில்லிமீட்டர், செம்போட குறுக்கு வெட்டு அளவு) வயர் போட்டிருக்கிற லைட் லைன்ல 16 ஆம்ப் சாக்கெட் மாட்டினா, யாராவது ஒருத்தர் ஹீட்டரைக் கொண்டு வந்து சொருகத்தான் செய்வாங்க, அப்ப சாக்கெட் தாங்கும், வயர் சுவத்துக்குள்ள வேகும். பவர் பாயிண்டுக்கு குறைஞ்சது ரெண்டரை எம்எம் காப்பர் வேணும், ஏசி, பெரிய கீசருக்கு நாலு எம்எம் தனி லைன், தனி எம்சிபி. இன்னொண்ணு, ரெண்டு சைஸ் பின்னும் போற சாக்கெட்ல சின்ன பின் பல மாடல்ல இறுக்கமா உட்காராது. 20 ஆம்ப் எம்சிபி இருக்கிற லைன்ல ஒரு மெல்லிசு டேபிள் ஃபேன் வயர் மாட்டினா, அந்த வயர் கருகினாலும் எம்சிபி விழாம இருக்க வாய்ப்பு உண்டு.

தெற்குக்காத்து:
இந்தக் கோணத்துல நான் பாக்கல, வயர் சைஸ் விஷயம் சரிதான். எங்க பக்கம் சதுர பின் 13 ஆம்ப் பிளக், பிளக்குக்குள்ளயே ஃப்யூஸ் இருக்கும், சின்ன சாமானுக்கு 3 ஆம்ப் ஃப்யூஸ் போட்டுக்கலாம், அதனால அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன். உங்களுக்கு பிளக்ல ஃப்யூஸ் இல்லேன்னா அண்ணன் சொல்றதுதான் சரி.

நிலாமுற்றம்:
சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடான்னு சொல்லலையே. இருந்தா ஷட்டர் வெச்ச சாக்கெட்தான் எடுக்கணும், அதுல சமாதானமே வேண்டாம். எர்த் பின் உள்ள போனாத்தான் திறக்கும் இல்லேன்னா ரெண்டு ஓட்டையும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் திறக்கும், ஒத்தை ஓட்டையில கம்பி, ஹேர்பின் விட்டா உள்ள போகாது. தனியா விக்கிற பிளாஸ்டிக் மூடியை நம்பாதீங்க, எங்க வீட்டுக் குட்டி அதை நகத்தால நெம்பி எடுத்து வாயில வெச்சுக்கிட்டா. கடையில வாங்கும்போதே பத்து தடவை பிளக்கைச் சொருகிப் பாருங்க, மட்டமான ஷட்டர் சிக்கிக்கும், அப்புறம் வீட்ல எல்லாரும் ஸ்க்ரூ டிரைவரால குத்தித் திறக்க ஆரம்பிச்சிடுவாங்க, அது இன்னும் மோசம்.

மாடிவீடு:
அக்கா, அண்ணன் பசங்க ரெண்டு பேர் கீழ் வீட்ல இருக்காங்க, எந்நேரமும் இங்கதான், அதனால ஷட்டர் கண்டிப்பா எடுத்துடறேன். இப்ப எலக்ட்ரீஷியனை வெச்சு நாலஞ்சு போர்டைக் கழட்டிப் பாத்தோம். சமையல்கட்டு, அயர்ன், வாஷிங் மெஷின், கீசர் நாலும் ரெண்டரை எம்எம், மிச்சம் எல்லாம் ஒன்றரை. அயர்ன் பாயிண்ட்ல வயர் நுனி கறுத்துப் போயி உறை கல்லு மாதிரி ஆயிருக்கு. அதைவிட ஒண்ணு, பெட்ரூம்ல ரெண்டு பாயிண்ட்ல எர்த் வயரே இல்ல, மூணு ஓட்டை சாக்கெட் இருக்கு, மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒண்ணுமே மாட்டல. நியூட்ரல்ல இருந்து ஒரு சின்ன துண்டு வயர் எர்த்துக்குப் போட்டுடலாம்னு சொல்றார். போடலாமா?

செம்புக்கம்பி:
வேண்டாம், வேண்டவே வேண்டாம். நியூட்ரல் எங்கயாவது அறுந்துச்சுன்னா அந்தத் துண்டு வயர் வழியா மெஷினோட இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும், தொட்டவன் கதி என்ன? அதே பைப் வழியா ஒரு பச்சை வயர் மெயின் எர்த் வரைக்கும் இழுக்கச் சொல்லுங்க, பைப் அடைச்சிருந்தா சுவத்துக்கு வெளிய பிளாஸ்டிக் கேசிங் பட்டையில கொண்டு போகலாம். அது முடியிற வரைக்கும் அந்த ரெண்டு பாயிண்ட்ல இரும்பு உடம்பு இருக்கிற எதையும் போடாதீங்க. மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லேன்னா சாக்கெட்டுக்கு முன்னாடி காசை அதுல போடுங்க, கசிவு வந்தா கண்ணிமைக்கிற நேரத்துல கட் பண்ணும். ஆனா ஆர்சிசிபி இருக்கேன்னு எர்த்தை விட்டுடக்கூடாது, ரெண்டும் வேணும்.

அயர்ன் பாயிண்ட்ல கறுத்த நுனியை அப்படியே புது சாக்கெட்ல மாட்டிடப் போறார், பக்கத்துலயே நின்னு பாருங்க. உறை மிருதுவா, கம்பி செம்பு நிறத்துல பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் வெட்டணும், நீளம் பத்தலேன்னா அந்த வயரையே மாத்தணும். கறுத்த கம்பியில எவ்வளவு உசந்த சாக்கெட் மாட்டினாலும் மறுபடி அதே எடத்துல கருகும். வயர் ஓட்டைக்குள்ள போகலேன்னு நாலு இழையை வெட்டி விடுறதும் கூடாது, இழைக்கு லக் (நுனியில மாட்டுற உலோக முனை) போட்டு இறுக்கணும், இறுக்கினப்புறம் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாக்கணும்.

தெற்குக்காத்து:
விலைக் கணக்கு நான் சொல்றேன், அது எனக்கு நல்லாத் தெரியும், வீடு கட்டும்போது ஒவ்வொண்ணா எழுதி வாங்கினவன். சாக்கெட் விலையை மட்டும் 22ஆல பெருக்கினா கணக்கு பாதிகூட வராது. மாடுலர்னா, அதாவது சாக்கெட், சுவிட்ச் எல்லாம் தனித்தனி துண்டா பிளேட்ல மாட்டுற டைப்னா, ஒரு பாயிண்டுக்கு சாக்கெட், சுவிட்ச், மேல் பிளேட், உள் ஃப்ரேம், சுவத்துக்குள்ள பாக்ஸ், கூலி, இத்தனையும் இருக்கு. சாக்கெட் 2 மாடுல் எடம், சுவிட்ச் 1 மாடுல், ஆக 3 மாடுல் பிளேட். பிளேட்டுலதான் பல பேர் ஏமாறுறாங்க, சாக்கெட் மலிவா காட்டி பிளேட்ல விலையைப் பிடிச்சுடுவாங்க, அதனால சாக்கெட், சுவிட்ச், பிளேட் மூணையும் சேர்த்து ஒரு முழு பாயிண்ட் என்ன விலைன்னு கேட்டு அதை மட்டும் ஒப்பிடுங்க. ஒரு கம்பெனி மாடுல் இன்னொரு கம்பெனி பிளேட்ல உட்காராது, ஒரே கம்பெனியிலயே வேற சீரிஸ் உட்காராது, அதனால இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சும் கிடைக்கக்கூடிய, நல்லா ஓடுற சீரிஸா எடுங்க. அப்புறம் உங்க பழைய பாக்ஸ் ஆழம், அகலம் அளந்துக்கோங்க, அது பொருந்தலேன்னா சுவத்தை உடைச்சு பூசி பெயிண்ட் அடிக்கிற செலவு சாக்கெட் செலவைத் தாண்டிடும். பாக்ஸ் நல்லா இருந்து போர்டும் நல்லா இருந்தா பழைய டைப் சாக்கெட்டே நல்ல தரத்துல வாங்கி மாட்டலாம், அதுல ஒரு குறையும் இல்ல. கூலி பாயிண்டுக்கா, நாள் கணக்கான்னு முன்னாடியே பேசிடுங்க.

மாடிவீடு:
பாக்ஸ் எல்லாம் அளந்தேன், ஆறு பாக்ஸ் துரு பிடிச்சிருக்கு, மிச்சம் பொருந்தும். அப்ப லோடு இழுக்கிற நாலு பாயிண்டுக்கு மேல் தரம், மிச்சம் 18க்கு அதே கம்பெனியில அலங்காரம் இல்லாத நடு தரம், எல்லாமே ஷட்டரோட, இப்படி எடுத்தா சரியா? யூஎஸ்பி ஓட்டை வெச்ச சாக்கெட்டும் ஹால்ல ரெண்டு மூணு எடத்துல போடலாம்னு வீட்ல ஆசைப்படுறாங்க.

செம்புக்கம்பி:
கணக்கு சரி, ஆனா தரம் பிரிக்கிறது ஒரே சீரிஸுக்குள்ள இருக்கணும், இல்லேன்னா பிளேட் கலர் பக்கத்துல பக்கத்துல வேற வேறயா தெரியும். யூஎஸ்பி ஒண்ணு போதும், கட்டில் பக்கம் போடுங்க. அதுக்குள்ள இருக்கிறது ஒரு எலக்ட்ரானிக் போர்டு, சாதா சாக்கெட் உழைக்கிற காலம் அது உழைக்காது, ஃபோன் சார்ஜிங் முறையும் மாறிக்கிட்டே இருக்கு, சாக்கெட்ல சார்ஜரைச் சொருகினா சார்ஜரை மட்டும் மாத்தினா போச்சு. கீசர் பாயிண்டை குளியலறைக்குள்ள தண்ணி தெறிக்கிற எடத்துல வைக்காதீங்க, வெளிய தள்ளி வைக்க முடியலேன்னா மூடி உள்ள வாட்டர் ப்ரூஃப் டைப்தான்.

நிலாமுற்றம்:
எல்லா பாயிண்ட்லயும் சுவிட்ச் பேஸ் வயர்ல வருதான்னு பாக்கச் சொல்லுங்க தம்பி, பழைய வீட்ல நியூட்ரல்ல சுவிட்ச் இருக்கும், ஆஃப் பண்ணியும் சாக்கெட்ல கரண்ட் இருக்கும். டெஸ்டரை முதல்ல நல்லா ஓடுற ஒரு பாயிண்ட்ல வெச்சு எரியுதான்னு பாத்துட்டு அப்புறம் மத்தது பாக்கணும்.

மாடிவீடு:
ரெண்டு போர்டுல அக்கா சொன்ன மாதிரியே இருந்துச்சு, சுவிட்ச் ஆஃப்ல டெஸ்டர் எரிஞ்சுது, மாத்திக் குடுக்கிறேன்னு சொல்லிட்டார். அயர்ன் பாயிண்ட் இன்னைக்கு முடிஞ்சுது, வயரையும் மாத்தியாச்சு, அரை மணி நேரம் தேய்ச்சுட்டு பிளக்கைத் தொட்டா வெதுவெதுப்புகூட இல்ல. எர்த் வயர் இழுக்கிறதுக்கு நாளைக்கு வர்றார், ஆர்சிசிபியும் லிஸ்ட்ல சேர்த்துட்டேன்.

செம்புக்கம்பி:
நல்லது தம்பி. எர்த் இழுத்து முடிச்சதும் ஆர்சிசிபில இருக்கிற டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கி விழுதான்னு பாத்துட்டு அவருக்கு கூலி குடுங்க.