பழைய பீர் ஆலைகளைப் பார்க்கப் போவது பயணமா, விளம்பரத்துக்குக் காசு கொடுப்பதா?

வழிப்போக்கன்: செக் நாட்டின் பில்சன் நகரில் பழைய பீர் ஆலையைப் பார்த்துவிட்டு வந்தேன். 1838இல் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை அந்த ஊரில் நகர மன்றத்தின் முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள். அதன் பிறகே ஊரார் சேர்ந்து இந்த ஆலையைக் கட்டினார்கள். 1842இல் பவேரியாவிலிருந்து வந்த ஜோசப் க்ரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற பீர்தான் 'பில்ஸ்னர்' என்று உலகெங்கும் பரவியது. ஐரோப்பா போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

தென்றல்: நான் உடன்படவில்லை. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்குள் நுழைய நாமே டிக்கெட் வாங்குகிறோம். அயர்லாந்தின் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் இருக்கும் ஸ்டோர்ஹவுஸையே பாருங்கள். 1988 வரை பீரை நொதிக்க வைத்த கட்டடம், இன்று ஏழு மாடிக் கண்காட்சி. உச்சி மாடியில் என்ன இருக்கிறது? மதுக்கூடம்.

கணக்காசிரியர்: அதே ஆலையில் வேலை பார்த்தவர்தான் வில்லியம் காசெட். பார்லியையும் பீரையும் சோதிக்கக் கையில் கிடைத்ததோ சில மாதிரிகள்தான். அவற்றை வைத்து எவ்வளவு உறுதியாக முடிவு சொல்லலாம் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் விடையை வெளியிட்டார். புள்ளியியல் மாணவர்கள் இன்றும் போடும் டி-சோதனை அதிலிருந்து வந்தது. அந்த வாசலில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தென்றல்: ஐயா, காசெட்டை வகுப்பறையிலேயே வணங்கலாம். குடியால் எங்கள் வீட்டில் ஒருவரை இழந்தோம். சாராயம் காய்ச்சும் இடத்தைப் 'பாரம்பரியம்' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

வழிப்போக்கன்: உங்கள் இழப்புக்கு முன்னால் என் பயணக்கதை சிறியதுதான், தென்றல். ஆனாலும் பில்சனின் நிலவறைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணற்பாறையைக் கையாலேயே குடைந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். கோடையிலும் உள்ளே குளிர் நடுக்குகிறது. எஃகுக் கலன்கள் வந்த பிறகும், சுவை மாறிவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் பீரை இன்னும் ஓக் மரப் பீப்பாய்களிலேயே பக்குவப்படுத்துகிறார்கள். அந்தப் பீப்பாய்களைச் செய்யவும் செப்பனிடவும் ஆலையிலேயே தச்சர்கள் இருக்கிறார்கள். குடிக்காதவரும் பார்க்க வேண்டிய கைத்தொழில் அது.

தென்றல்: தச்சர்களைப் பார்க்க என்றால் வருவேன். ஆனால் குடியால் அழிந்த குடும்பங்களைப் பற்றிப் பேச ஒரு சுவராவது ஒதுக்காத கண்காட்சியை, எந்த நாட்டில் இருந்தாலும், முழு வரலாறு என்று ஏற்க மாட்டேன்.