தலையில் அடிபட்ட அக்காவுக்கு எப்படித் துணையாக இருப்பது?

கேள்வி:
அக்கா கணவனை விட்டு வந்து என்னோடு இருக்கிறாள். பல வருடமாகத் தலையிலேயே அடித்திருக்கிறான், கழுத்தையும் நெரித்திருக்கிறான். இப்போது கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள், பேச்சுக்கு நடுவே வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுகிறாள், டியூப்லைட் போட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறாள். சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் "நடிக்கிறாள்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில் 1:
நடிப்பு இல்லைங்க. மூளைக் காயத்துக்கான மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன், இதே பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இதெல்லாம் சிடியில் தெரியும். அதிர்ச்சியில் மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டது பெரும்பாலும் தெரியாது. 2003இல் ஈவ் வலேரா என்ற ஆய்வாளர் இப்படி அடிபட்ட 99 பெண்களிடம் விசாரித்தபோது, முக்கால்வாசிப் பேருக்கு ஒரு முறையாவது மூளைக் காயம் ஏற்பட்டிருந்தது.

கழுத்தை நெரித்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் உடனே சொல்லுங்கள். மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் அதுவே தனியாகப் பாதிப்பு உண்டாக்கும். வெளியே தடயமே இல்லாமல் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். வாய் கோணல், ஒரு பக்கம் மரத்துப்போவது, திடீர்க் கடும் தலைவலி என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பதில் 2:
நானும் அதே நிலையில் இருந்தவள்தான் தங்கச்சி. அக்காவிடம் பேசும்போது டிவியை அணைத்துவிடு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல், பதில் வரும்வரை பொறு. நீயே வாக்கியத்தை முடித்து வைக்காதே, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. மாத்திரை நேரம், டாக்டர் தேதி எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். போனில் குறித்தால் அவன் பார்க்க முடியாத போன்தானா, பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியுமா என்று முதலில் பார்.

அப்புறம், போலீஸ், கோர்ட் என்று போனால் அக்கா சொல்லும் தேதிகள் முன்பின்னாக வரும். என்னைப் பொய் சொல்கிறாள் என்றே எழுதிவிட்டார்கள். ஞாபகப் பாதிப்பு இருப்பதாக டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கு, வாக்குமூலத்துக்கு நடுவே இடைவேளை கேள்.

கேள்வி கேட்டவர்:
கழுத்து விஷயத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இன்றைக்கே கூட்டிப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கணும், முழுக்கப் படுக்கையிலேயே ஓய்வெடுக்கச் சொல்லலாமா?

பதில் 1:
வேண்டாம். இருட்டறையில் நாள்கணக்காகப் படுக்க வைப்பது இப்போதைய முறை இல்லை. கழுத்தைப் பரிசோதித்து டாக்டர் சரி என்றதும் சின்ன நடை, சின்ன வேலை. தலைவலி கூடினால் நிறுத்தி, மறுபடி கொஞ்சம் குறைத்து ஆரம்பிக்கலாம். தலையில் இன்னொரு அடி மட்டும் படவே கூடாது, அதனால் அவன் வந்து கூப்பிட்டால் தனியாக அனுப்பிவிடாதீர்கள்.