தூர்ந்துபோன காதை வீட்டிலேயே தோழியிடம் குத்திக்கொள்ளலாமா?

கேள்வி – பாபநாசம் பக்கத்திலிருந்து

வணக்கம். குடமுருட்டிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன், வயது 29. குழந்தையாக இருந்தபோது வைத்தீஸ்வரன் கோயிலில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்தி எனக்குக் காது குத்தினார்கள். கல்லூரிக் காலத்திலிருந்து கவரிங் கம்மலையே மாற்றி மாற்றி அணிந்துவந்தேன். நாளடைவில் இரண்டு காதுகளும் அரிக்கத் தொடங்கின. நீர் கசிந்து, காலையில் எழும்போது தலையணை உறை திருகாணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்க முடியாமல் கழற்றி வைத்தவள், பிள்ளைப்பேறு, கைக்குழந்தை என்று மூன்று ஆண்டுகள் எதையும் போடாமலே இருந்துவிட்டேன். அரிப்பு நின்றுவிட்டது, காதும் தூர்ந்துவிட்டது. வலது காதில் ஈர்க்குக்கூட நுழையவில்லை. இடது காதில் முன்பக்கம் சிறு குழி மட்டும் தெரிகிறது.

தை மாதக் கடைசியில் என் தம்பிக்குத் திருமணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் வெறுங்காதோடு நிற்கப்போகிறாளே என்று அம்மாவுக்கு மனக்குறை. இந்த வயதில் பத்தர் கடையில் குழந்தைகளுக்கு நடுவே போய் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தோழி, ஐஸ் கட்டி வைத்து மரத்துப்போகச் செய்து, நெருப்பில் காட்டிய தையல் ஊசியால் தானே குத்திவிடுவதாகச் சொல்கிறாள். ஐப்பசிக் கடைமுழுக்குக்கு மாமியாரோடு மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துக்குப் போக இருப்பதால், அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே முடித்துவிடலாம் என்கிறாள். செய்யலாமா? செய்வதானால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மறுமொழி – மன்னார்குடியிலிருந்து

நான் செய்துகொண்டவள் என்பதால் முதலில் எழுதுகிறேன். விடுதியில் தங்கிப் படித்தபோது இரண்டாம் துளைக்காக அறைத்தோழியிடம் காதைக் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் பாதி உருளைக்கிழங்கு, கையில் தையல் ஊசி. தோலில் ஊசி எளிதாகத்தான் இறங்கியது. நடுவில் சதை இறுகிக்கொண்டு ஊசியை விடாமல் பிடித்தது. ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்த்தவுடன் அவள் கை நடுங்கி, அப்படியே நிறுத்திவிட்டாள். பாதி நுழைந்த ஊசியோடு இருவரும் அழுதுகொண்டு நின்றோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியதில் ஊசி சாய்ந்து, பின்பக்கம் கீழே இறங்கி வெளியே வந்தது. இன்றைக்கும் அந்தக் காதில் எந்தக் கம்மலைப் போட்டாலும் அது தோளைப் பார்த்துத் தொங்கும். சீழ் வைக்காமல் ஆறியது என் நல்ல காலம். உங்கள் தோழியின் அன்பில் குறையில்லை; ஆனால் அன்புள்ளவர்களின் கைதான் நடுவழியில் நின்றுவிடுகிறது.

மறுமொழி – திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு செவிலியர்

சகோதரி, எப்படிக் குத்துவது என்பதற்கு முன்னால், உங்கள் காது ஏன் தூர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அரிப்பும் நீர்க்கசிவும் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமையால் வருபவை. மேலே தங்க முலாம் இருந்தாலும் அது தேய்ந்தவுடன் அடியிலுள்ள உலோகம் வியர்வையில் கரைந்து தோலைத் தொடும். அதில் நிக்கல் கலந்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓரிரு நாட்களில் அரிக்கத் தொடங்கிவிடும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். மூன்று ஆண்டுகள் கம்மலே இல்லாததால்தான் இப்போது அரிப்பு இல்லை. ஆகவே எவ்வளவு சுத்தமாகக் குத்தினாலும், அதில் பழைய கம்மலையோ ஃபேன்சி கடைக் கம்மலையோ போட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். பச்சைப் புண்ணில் அது இன்னும் மோசமாகும். டைட்டானியம் அல்லது 22 காரட் தங்கம் பொருத்தமானது. வெள்ளைத் தங்கத்திலும் ஸ்டீலிலும்கூட நிக்கல் இருக்கக்கூடும்.

அடுத்தது ஊசி. நெருப்பில் காட்டிய ஊசியில் கரி படிகிறது, அந்தக் கரி சதைக்குள் போகிறது. கையில் எடுத்துத் துடைத்தால் சுட்டதன் பயனும் போய்விடுகிறது. வெந்நீரில் கொதிக்க வைத்தாலும் டெட்டனஸ் கிருமியின் விதைவடிவம் சாகாது. மருத்துவமனையில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தில் வைத்து எடுப்பது அதனால்தான். ஏற்கெனவே ஒருவருக்குக் குத்திய ஊசியை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்த இரத்தத் துளியில் ஏழு நாட்களாவது உயிரோடு இருக்கக்கூடியது. தையல் ஊசியில் வேறொரு குறையும் உண்டு. உள்ளே குழல் உள்ள மருத்துவ ஊசி சதையை வெட்டி வழி உண்டாக்கும். தையல் ஊசியோ சதையைப் பிளந்து தள்ளும். கம்மல் தண்டைவிட அது மெலிந்ததாக இருந்தால், தண்டை நுழைக்கும்போது துளை கிழியும். ஐஸ் கட்டி தோலை விறைக்கச் செய்வதால் குத்துவது கடினமாகத்தான் ஆகும்.

உங்கள் காதில் பழைய துளையின் தழும்பு இருக்கிறது. தழும்புச் சதை கெட்டியாகவும் சீரற்றும் இருக்கும். பழைய இடத்திலேயே குத்துவதா, சற்றுத் தள்ளிக் குத்துவதா என்பதை விரலால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இடது தோளில் குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். அது தட்டையாக இருந்தால் நல்லது. மேடாகத் தடித்துப் பளபளப்பாக வளர்ந்திருந்தால், காதிலும் கெலாய்டு எனப்படும் தழும்புக் கட்டி வளரக்கூடும்; அப்படியானால் எவரிடமும் குத்திக்கொள்ளாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இரண்டு காரணங்களுக்காகவே, உங்கள் விஷயத்தில் வீட்டில் குத்துவது வேண்டாம் என்கிறேன். தோல் மருத்துவரோ காது மூக்குத் தொண்டை மருத்துவரோ மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் குத்திவிடுவார்கள். அங்கே உங்கள் வயதில் வருபவர்கள் பலர், கூச்சப்பட ஒன்றுமில்லை.

நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுத் துளை ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை ஆற்றிலோ குளத்திலோ தலை முழுகக் கூடாது. ஐப்பசியில் குத்திக்கொண்டு துலாக்கட்டத்தில் முழுகினால், ஆயிரம் பேர் முழுகிய நீர் உங்கள் திறந்த புண்ணுக்குள் போகும். முழுக்கை முடித்துவிட்டுக் கார்த்திகை முதல் வாரத்தில் குத்திக்கொண்டால், தை பிறக்கும்போது எட்டு வாரங்கள் ஆகிவிடும். திருமணத்தன்று கனமான ஜிமிக்கி மட்டும் வேண்டாம்.

குத்திய பிறகு நாளுக்கு இருமுறை, கையை சோப்பால் கழுவிக்கொண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனைப் பஞ்சில் நனைத்து முன்னும் பின்னும் துடைத்தால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். கம்மலைத் திருகித் திருகிப் பார்க்காதீர்கள். ஆறிவரும் தோல் ஒவ்வொரு முறையும் பிய்கிறது. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, திருகாணி சதைக்குள் புதைவதுபோல் தோன்றினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். பயந்து நீங்களாகக் கம்மலைக் கழற்றினால் வாய் மூடி, சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும். பிள்ளைப்பேற்றின்போது போட்ட டெட்டனஸ் தடுப்பூசி எந்த ஆண்டு என்பதையும் தாய் சேய் நல அட்டையில் பார்த்து வையுங்கள்.

மறுமொழி – கும்பகோணத்திலிருந்து ஒரு பத்தர்

அம்மா, நான் நாற்பது ஆண்டுகளாகக் காது குத்துகிறவன். செவிலியர் சொன்னதில் தணல், மஞ்சள் பற்றிய சொற்கள் எங்கள் தொழிலையும் சுட்டுவன. அவர் சொல்வது சரிதான். என் தகப்பனார் காலத்தில் தங்கக் கம்பியின் முனையை அரத்தால் கூராக்கி, தணலில் காட்டி, அந்தக் கம்பியாலேயே குத்தி வளையமாக முறுக்கிவிடுவார்கள். குழந்தையின் காது வெண்ணெய்போல் இருக்கும் என்பதால் அது நடந்தது. தூர்ந்துபோன பெரியவர் காது அப்படியல்ல. என்னிடம் வந்தாலும் நான் குத்தாமல் மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

புள்ளி வைப்பதைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைக் கேளுங்கள். படுத்த நிலையில் புள்ளி வைக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை நேராக வைத்து, காதை இழுக்காமல் வைக்க வேண்டும். முன்பக்கம் வைத்தால் போதாது, பின்பக்கமும் வைக்க வேண்டும். மன்னார்குடிச் சகோதரியின் கம்மல் சாய்ந்து நிற்பது பின்பக்கப் புள்ளி இல்லாததால்தான். பிறகு நான்கடி தள்ளி நின்று, இரண்டு காதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நெல்முனை அளவு ஏற்றத்தாழ்வும் அப்போது தெரிந்துவிடும்.

கம்மல் வாங்கும்போது பூவை மட்டும் பார்க்காமல், தண்டும் திருகாணியும் அதே தங்கமா என்று கேளுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. சிறிய கம்மல்கள் பலவும் அதற்குள் அடங்கிவிடும். ஆகையால் 916 என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. தோளைத் தடவிப் பார்த்தேன். தழும்பு தட்டையாகத்தான் இருக்கிறது. தோழியை அழைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஊசியைக் கையில் எடுக்கப் போவதில்லை என்றும், மருத்துவரிடம் உடன் வந்து புள்ளி சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டாள். கடைமுழுக்கு முடிந்து கார்த்திகை பிறந்ததும் கும்பகோணத்தில் தோல் மருத்துவரைப் பார்க்கிறோம். பழைய கவரிங் கம்மல்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பத்தர் ஐயா, கம்மலைச் செய்யச் சொல்வதானால் தண்டின் நீளத்துக்காக என் காதை நேரில் காட்ட வேண்டுமா, அல்லது குத்திய பிறகு மருத்துவர் அளந்து சொன்னால் போதுமா?

மறுமொழி – பத்தர்

குத்துவதற்கு முன்பே நேரில் வாருங்கள், அம்மா. காதின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கே இரண்டு காதும் ஒன்றுபோல் இராது. இப்போது அளந்தால்தான், வீங்குவதற்கான இடத்தையும் சேர்த்து முதலில் நீளத் தண்டாக வைத்துக் கொடுக்க முடியும். ஆறிய பிறகு தையில் கொண்டுவாருங்கள், குறைத்துத் தருகிறேன்.