சுடாமல் விட்டதையும் எழுதுங்கள்

வேட்டைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். விதிகளை வகுப்பில் கடகடவென்று ஒப்பிக்கும் பையன், காட்டுக்குள் போனதும் கூட வந்த பெரியவரைத்தான் பார்க்கிறான். மாமா வேலியைத் தாண்டினால் அவனும் தாண்டுவான். அதனால் ஒரு வேண்டுகோள்: சட்டமும் நேர்மையும் ஒரு இளம் வேட்டைக்காரருக்கு எந்த இடத்தில் உறைத்தது என்று, நேரில் பார்த்ததை எழுதுங்கள். உரிமம் கொடுத்து வேட்டையை அனுமதிக்கும் நாடுகளைப் பற்றி மட்டும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலைமையே வேறு, அதை இங்கே கிளற வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். அமெரிக்காவில் காட்டுவாத்து வேட்டைக்கு ஷாட்கன்னில் மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது: சுடும் அறையில் ஒன்று, குழாயில் இரண்டு. அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி இடத்தை அடைத்து வைப்பார்கள். ஒருமுறை ஏரிக்கரையில் வனக் காவலர் படகில் வந்தார். வணக்கம் சொன்னார், உரிமத்தைப் பார்த்தார், வாத்துகளை எண்ணினார், அப்புறம் துப்பாக்கியைக் கேட்டார். பையனுடைய குழாயில் தோட்டாக்களைத் தள்ளிப் பார்த்தார். இரண்டு போனது, மூன்றாவது போகவில்லை. சரி என்று திருப்பிக் கொடுத்தார். அவன் அப்பாவின் துப்பாக்கியில் மூன்றாவது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "பழைய துப்பாக்கி சார், வாங்கும்போதே குச்சி இல்லை" என்று அவர் ஆரம்பித்தார். மகன் தன்னையே பார்ப்பதைக் கவனித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அபராதச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து நான் எடுத்த பாதி வகுப்புகளுக்குச் சமம்.

காவலர் வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். துப்பாக்கி முனை ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும், விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்கட்டும், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

* * *

நல்ல பேச்சை எடுத்தீர்கள் அண்ணா. என் அண்ணன் மகளுடன் மான் வேட்டைக்குப் போனதைச் சொல்கிறேன். அது அவளுடைய முதல் மான். குண்டு கொஞ்சம் பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. மான் துள்ளி ஓடியதும் இவளும் ஓடப் பார்த்தாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். நின்ற இடத்தில் ரத்தத்தைக் காட்டினேன். நுரையோடு பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்தால் போதும். பச்சைத் தீவனத் துணுக்கும் நாற்றமும் இருந்தால் குடல், ஆறு எட்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டிவரும். இது கருஞ்சிவப்பு, கல்லீரல். உடனே துரத்தினால் மான் படுத்த இடத்திலிருந்து எழுந்து ஓடும், அதன் வேதனையும் நீளும், நமக்கும் கிடைக்காது. மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதாள். அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் பக்கத்தில் ஒரு டிஷ்யூத் துண்டை வைத்துக்கொண்டே போனோம். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு ஒரு முள்வேலியில் போய் நின்றது. கம்பியில் கொஞ்சம் முடி ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் வேறொருவர் நிலம். "யாரும் இல்லையே சித்தப்பா, போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமே" என்றாள். சுட்ட மானைத் தேடிப் போவதற்கும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும் என்பதுதான் பல இடங்களில் சட்டம். சாலை வழியாகச் சுற்றி அவர் வீட்டுக்கே போனோம். பெரியவர் பத்து நிமிடம் திட்டினார், எங்களுக்கு முன்னால் யாரோ வேலியை அறுத்துவிட்டுப் போன கோபம். அப்புறம் அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டு அவருடன் நடந்தோம். மான் வேலிக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. நகர்த்துவதற்கு முன்பே அவள் டேக்கில், அதாவது உரிமத்தோடு தரும் அடையாளச் சீட்டில், தேதியைக் குறித்து மானில் கட்டினாள். ஒரு தொடைக்கறியைப் பெரியவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டதும் அவள்தான்.

* * *

என்னுடையது சின்னக் கதை. எங்கள் பகுதியில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மானைச் சுடலாம். கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஒரு ஆண் மான், அந்த நேரம் முடிந்த கையோடு வெளியே வந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது, தூரமும் அதிகமில்லை. என் பையன் கடிகாரத்தைப் பார்த்தான், சேஃப்டியைப் போட்டான், தோட்டாவை வெளியே எடுத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "கிடைச்சுதா?". இந்தக் கேள்விதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பேன். "என்ன பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள், அவன் அந்த மானைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான்.

* * *

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சுடும் தேர்வு மூன்றிலும் தேறினால்தான் உரிமம். 16 வயதில் இளையோர் உரிமம் வாங்கலாம், ஆனால் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். தேர்வைவிட என் மகளைத் தொட்டது வேறொன்று. வீழ்த்திய மானின் வாயில் ஒரு சிறு கிளையை வைப்பார்கள், கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். சடங்கு என்று சிரித்துக்கொண்டே போனவள், தானே கிளையை ஒடித்து வைத்தபோது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மானின் மேல் காலை வைத்துப் படம் எடுக்கும் ஆசாமிகளை இப்போது அவளுக்கு ஆகாது. எனக்கும்தான்.

* * *

எல்லாம் சரி. ஆனால் சட்டத்தை மீறாமலே கேவலமாக வேட்டையாட முடியும், அதையும் பேச வேண்டாமா? என் மருமகன் வீடியோ பார்த்துவிட்டு 600 மீட்டரில் நிற்கும் மானைச் சுட வேண்டும் என்றான். பல இடங்களில் அதைத் தடுக்கச் சட்டமே இல்லை. அவனைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், காற்றடிக்கும்போது, உட்கார்ந்தபடி, மூச்சு வாங்க வைத்துச் சுடச் சொன்னேன். 200 மீட்டரிலேயே குண்டுகள் சிதறின. அது அட்டை, மானாக இருந்தால் தாடை உடைந்து பட்டினியில் சாகும் என்று மட்டும் சொன்னேன். இப்போது தன் எல்லை 150 என்று அவனே வைத்திருக்கிறான். 1902இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், மரத்தில் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்த கதை எல்லோருக்கும் தெரியும், டெடி பேர் பொம்மைக்குப் பெயர் வந்ததே அதில்தான். கரடி ஏற்கெனவே பலத்த காயத்தில் இருந்ததால், வேதனையை முடிக்கச் சொல்லி அவர் உத்தரவிட்டதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளிடம் அந்தப் பாதியையும் சொல்லுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். கூட வந்த பெரியவரே விதியை மீறினால் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். துப்பாக்கி கையில் இருக்கும் ஆளோடு அந்த இடத்தில் வாதம் வேண்டாம். தன் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் போதும். மிச்சத்தை நம்பிக்கையான இன்னொரு பெரியவரிடம் சொல்லட்டும். அவர் காவலருக்குப் போன் செய்யட்டும், பெரும்பாலும் பெயர் கொடுக்காமலேயே தகவல் சொல்ல வழி இருக்கும். அந்த எண்ணை வகுப்பின் முதல் நாளே எல்லோர் போனிலும் பதிய வைத்துவிடுகிறேன்.