ஊர்க் கோபத்தை மெயிலில் வைத்து விற்கலாமா?

வெண்ணாறு:
ஒரு கடைக்கு வாராவாரம் விளம்பர மெயில் எழுதுவது என் வேலை. இணையமே எதற்காவது கொதிக்கும் நாளில் அந்தக் கோபத்தையே சப்ஜெக்ட் லைனில் வைப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி. அமெரிக்காவின் பென்சீஸ் மசாலா நிறுவனத்தைப் பாருங்கள். 2016 தேர்தலில் டிரம்ப் ஜெயித்ததும் அதன் முதலாளி பில் பென்சி, குடியரசுக் கட்சி இனவெறியைப் பகிரங்கமாகத் தழுவிவிட்டது என்று வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பினார். புறக்கணிப்போம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பிறகு அவரே கணக்குச் சொன்னார்: போனவர்கள் 3 சதவீதம், இணைய விற்பனை கூடியது 59.9 சதவீதம்.

கொல்லிமலை:
கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2022 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டிய வார இறுதிக்கு 'குடியரசுக் கட்சியினர் இனவெறியர்கள்' என்று பெயர் வைத்து அவர் வியாபாரம் செய்தார். மெயில் பட்டியலிலிருந்து 40,000 பேர் விலகியதாக அவரே சொன்னார். கடைசியில் கிஃப்ட் கார்டு வாங்கிக் கைகொடுங்கள் என்று ஆதரவாளர்களிடம் கேட்க வேண்டியதாயிற்று.

வெண்ணாறு:
விலகியதோடு புதிதாகச் சேர்ந்தவர்களும் உண்டே. அவர் நம்பியதைச் சொன்னார், நஷ்டத்தையும் ஏற்றுக்கொண்டார். கடைக்காரர் என்றால் வாயை மூடிக்கொண்டு மிளகு மட்டும் விற்க வேண்டுமா?

தபால்பெட்டி:
நடுவில் ஒரு விஷயம். மெயிலைத் திறந்தவர்கள் எண்ணிக்கையை வைத்து யாரும் வெற்றி என்று சொல்ல வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, ஆப்பிள் மெயில் செயலியில் அந்த வசதியை வைத்திருப்பவர்கள் திறக்காத மெயிலும் திறந்ததாகவே கணக்கில் வரும். இன்னொன்று, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலில் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு ஸ்பாம் (வேண்டாத மெயில்) என்ற புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்! கோபத்தோடு படிக்கிறவர் அன்சப்ஸ்கிரைபைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், ஸ்பாமைத்தான் அழுத்துவார். அப்புறம் உங்கள் ஆர்டர் ரசீதுகூட ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடும்.

கொல்லிமலை:
எனக்கு எண்ணிக்கையைவிட வேறொன்று உறுத்துகிறது. 2020 அக்டோபரில் இணையத்தில் எதிர்ப்பு கிளம்பி, தனிஷ்க் நகை நிறுவனம் ஒரு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். முஸ்லிம் குடும்பம் தங்கள் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்தும் விளம்பரம். அந்த வாரம் நான் ஒரு புடவைக் கடைக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று சப்ஜெக்ட் லைன் போட்டேன். திறந்தால் பட்டுப் புடவைக்குத் தள்ளுபடி. அவ்வளவுதான்.

மறுநாள் மயிலாடுதுறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் எழுதியிருந்தார். "என் மருமகள் கிறிஸ்தவப் பெண். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு, சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போகிறார்கள். புடவைக் கடையிலிருந்துமா?" என்று கேட்டிருந்தார். அவர் தீபாவளிக்குத் தவறாமல் எங்களிடம் வாங்குகிறவர். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அன்று மாலைவரை அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பென்சி தன் கோபத்தை எழுதினார், சரி. நான் எழுதியது யாருடைய கோபம்?

வெண்ணாறு:
நீங்கள் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்த மெயிலில் கடையின் கருத்து என்று ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

கொல்லிமலை:
அப்படியானால் கூப்பனை எடுத்துவிட்டு, கருத்தை மட்டும் அனுப்பத் தயாரா?

வெண்ணாறு:
மாட்டேன். என் சம்பளம் விற்பனையிலிருந்துதான் வருகிறது. பென்சியும் மசாலாவோடு சேர்த்துத்தான் பேசினார். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். நாட்டு நடப்பு பற்றியும் எழுதலாமா என்று முதலிலேயே கேட்டு, டிக் செய்தவர்களுக்கு மட்டும் அனுப்பலாம்.

தபால்பெட்டி:
அதைச் செய்யுங்கள். புகாரும் குறையும்.

கொல்லிமலை:
கேட்டு அனுப்பினால் எனக்கு மறுப்பில்லை. அந்த ஆசிரியை டிக் செய்திருக்க மாட்டார்.