புதுப்பிப்பு: ஈசிம்மை மலையிறங்கும் முன்பே ஏற்றிவிடுங்கள்

கோத்தகிரி, குன்னூரிலிருந்து கோவை வழியாகச் சிங்கப்பூர் போகிறவர்கள் ஈசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) வாங்கிக்கொள்ளலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். போய் இறங்கியதும் இணையம் வரவில்லை என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

முதலில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு ‘இஐடி’ (EID) என்ற 32 இலக்க எண்ணும் வந்தால் போனில் ஈசிம் வசதி உண்டு. ஈசிம் விற்றவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டை வீட்டு வைஃபையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், பாதியில் நின்றுபோகும். பெரும்பாலான குறியீடுகள் ஒருமுறைக்குத்தான். அதனால் வேலை செய்யாவிட்டாலும் ஏற்றியதை அழிக்கவே வேண்டாம்.

இணையம் வராததற்கு முக்கியக் காரணம் ரோமிங், அதாவது வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் சிம் இயங்குவது. பயண ஈசிம் பெரும்பாலும் மூன்றாவது நாட்டு நிறுவனத்துடையது. சிங்கப்பூர் நெட்வொர்க்கில் அதுவும் விருந்தாளிதான். ஆகவே அதற்கு ‘டேட்டா ரோமிங்’ ஆனில் இருக்க வேண்டும், நம்மூர் சிம்முக்கு ஆஃப். டேட்டா சிம்மைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அப்படியும் வராவிட்டால், விற்றவர் கொடுத்த ஏபிஎன் (APN, இணையத்தோடு இணைக்கும் அமைப்பு) பெயரை போன் செட்டிங்ஸில் நீங்களே டைப் செய்யுங்கள்.

வங்கி ஓடிபி வர வேண்டுமானால் நம்மூர் சிம் அணையாமல் இருக்க வேண்டும். அதற்குச் சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே இயக்கி வையுங்கள். வெளிநாட்டில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளுங்கள்.